பழைய வீட்டோடு ஒரு கொல்லையும் கைக்கு வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 14 சென்ட் மனையோடு ஒரு பழைய ஓட்டு வீட்டை நாங்கள் வாங்கினோம். வீட்டைப் பற்றி எல்லாம் விசாரித்திருந்தோம். கொல்லையைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கிணறு, நாலு தென்னை, அப்புறம் பெயர் தெரியாத ஐம்பது அறுபது செடிகள் இருந்தன. அவற்றைத் தெரிந்துகொள்ள முழுசாக ஒரு வருஷம் ஆனது. இப்போது சொந்தக்காரர்களும் நண்பர்களும் இதே நிலையில் இருக்கும்போது என்னிடம் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் காவிரிப் பாசனப் பகுதியைச் சேர்ந்தவை. உங்கள் ஊரில் செடிகள் கொஞ்சம் மாறும், ஆனால் பார்க்கிற முறை மாறாது.

வீடு கைக்கு வந்ததும் கொல்லையில் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பொக்லைன் கூப்பிடாதீர்கள். "ஒரே நாளில் சுத்தம் பண்ணிக் கொடுத்துடறேன்" என்று யாராவது வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நடக்க வழி, கிணற்றடி, வீட்டுச் சுவரை ஒட்டி மூன்றடி, இவ்வளவை மட்டும் ஒதுக்கிக்கொண்டால் போதும். மற்றதை அவசரப்பட்டு எடுக்காமல் ஒரு வருஷம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிறகு ஒரு பெரிய தாளில் கொல்லையை வரையுங்கள். கிணற்றை நடுவில் வைத்துக்கொண்டால் வரைவது சுலபம். ஒவ்வொரு செடிக்கும் ஒரு எண் கொடுத்து, அதே எண்ணை ஒரு துணிக்கிழிசலில் எழுதிச் செடியில் கட்டிவிடுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, "17: கிணற்றுக்கு வடக்கே, இலையைக் கிள்ளினால் பால் வருகிறது" என்று எழுதி வைத்தால் போதும். ஆறு மாதம் கழித்து அந்த ஒரு வரிதான் உதவும்.

ஒரு வருஷம் காத்திருக்கச் சொல்கிறீர்களே, அவ்வளவு நாள் எதற்கு?

கொல்லையில் இருப்பதில் பாதி எப்போதும் மண்ணுக்குள் இருக்கிறது. அதுதான் காரணம்.

நாங்கள் பங்குனியில் குடிவந்தோம். மேற்கு மூலையில் காலியாக ஒரு திட்டு இருந்தது. ஒன்றும் இல்லாத இடம்தானே என்று செங்கல்லை அங்கே இறக்கி வைத்தோம். வைகாசியில் இரண்டு கோடை மழை பெய்ததும் செங்கல் இடுக்கிலிருந்து ஊதா நிறத்தில், மடிப்பு மடிப்பாக, ஒரு பெரிய பூ தரையோடு தரையாகக் கிளம்பியது. எலி செத்த நாற்றம் வீடு முழுக்க அடித்தது. எலியைத் தேடித்தான் கொல்லைக்குப் போனோம். எதிர்வீட்டுப் பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார்: "தம்பி, எலி இல்ல அது. சேனை பூத்திருக்கு. கீழ கிழங்கு கெடக்கு, தோண்டிடாதீங்க." செங்கல்லை எடுத்து வேறு இடத்தில் அடுக்கினோம். அந்த மூலையில்தான் தை மாதம் கிழங்கு எடுத்தோம்.

சேனை மட்டுமல்ல. மஞ்சள் தை மாதத்தில் இலை காய்ந்து மறைந்துவிடும், கிழங்கு உள்ளே இருக்கும். மழை லில்லி பத்து மாதம் புல் மாதிரி கிடந்துவிட்டு ஒரு மழைக்கு விழித்துக்கொள்ளும். செங்காந்தள் முதல் மழைக்குப் பிறகுதான் தலைகாட்டும். பங்குனியிலோ சித்திரையிலோ கொத்திவிட்டால் இவை எதுவுமே இருந்தது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

இன்னொன்று, இலை உதிர்க்கிற மரங்கள். வேலியில் நிற்கிற கிளுவையும் ஒதியனும் வெயில் காலத்தில் மொட்டையாக நிற்கும். பட்டுப்போய்விட்டது என்று வெட்டிவிடுகிறார்கள். நகத்தால் கிளையின் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. ஒதி பெருத்தாலும் உத்தரம் ஆகாது என்பார்கள். சரிதான், ஆனால் ஒரு கிளையை வெட்டி நட்டாலே வேர் பிடித்து வேலிக்கு உயிருள்ள கம்பமாக நிற்கும். உத்தரத்துக்கு ஆகாதது வேலிக்கு ஆகிறது.

செடிகளின் பெயரை யாரிடம் கேட்பது?

முதலில், அந்தக் கொல்லையில் தண்ணீர் ஊற்றியவரிடம். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை. எங்களுக்கு விற்றவருக்கு ஒரு செடியும் தெரியவில்லை. அவருடைய அம்மா எண்பது வயதைத் தாண்டியவர், மகள் வீட்டில் இருந்தார். போனில் பேசினேன். நான் கேள்வி கேட்கவே தேவைப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நடக்கிற மாதிரி, கொல்லைக் கதவிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னார். எது யார் வீட்டுக் கன்று, எது தானாக முளைத்தது, எந்த நாரத்தை கசக்கும், எந்த முருங்கை தை மாதத்தில் காய்க்கும் என்று முக்கால் மணி நேரம். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். வீடு வாங்குகிறவர்கள் சாவியோடு சேர்த்து இந்தத் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று இப்போது எல்லாரிடமும் சொல்கிறேன்.

அவர் கிடைக்காவிட்டால் அக்கம்பக்கத்தில் வயதானவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், பூக்கட்டுகிறவர்கள். ஆடு மேய்ப்பவருக்கு எதை ஆடு தின்னாது என்று தெரியும். விஷச்செடியைக் கண்டுபிடிக்க அது நல்ல துப்பு. ஆனால் ஆடு தின்கிறது என்பதற்காக நாமும் தின்னலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேட்க ஆளே இல்லை. செடி நிற்கிற இடத்தை வைத்து ஏதாவது தெரியுமா?

நிறையத் தெரியும். நான் மிகவும் நம்புகிற வழி இதுதான். பழைய கொல்லைகளில் காரணம் இல்லாமல் ஒரு செடியை நட்டிருக்க மாட்டார்கள்.

அடுப்படிக் கதவைத் திறந்ததும் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்பது சமையலுக்கோ வைத்தியத்துக்கோ உரியது: கறிவேப்பிலை, கற்பூரவள்ளி, தூதுவளை. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடும் வழியில் இருப்பவை வாழையும் சேம்பும். ஈரம் அவற்றுக்கு வேண்டும், தேங்குகிற தண்ணீரை அவை குடித்துவிடும். வாசலிலும் துளசி மாடத்தைச் சுற்றியும் இருப்பவை பூஜைப் பூக்கள்: நந்தியாவட்டை, செம்பருத்தி, பவழமல்லி, அரளி. முருங்கையை வீட்டை ஒட்டி வைக்க மாட்டார்கள். கம்பளிப்பூச்சி ஒரு காரணம், காற்றில் கிளை முறிந்து ஓட்டின் மேல் விழும் என்பது இன்னொன்று. வேலியில் மருதாணி, கிளுவை, பூவரசு. கொல்லைக் கடைசியில் வேம்போ புளியோ.

இந்தக் கணக்கில் பொருந்தாமல் வரிசை தப்பி நிற்பவை, சுவர் இடுக்கிலும் மரத்தடியிலும் இருப்பவை, பெரும்பாலும் பறவை போட்ட விதையில் முளைத்தவை. வேப்பங்கன்றும் கறிவேப்பிலைக் கன்றும் அப்படித்தான் வரும். கறிவேப்பிலை வேரிலிருந்தும் பக்கக்கன்று விடும், அதனால் தாய்மரத்தைச் சுற்றி நாலடியில் சின்னதாக ஒரு காடே இருந்தால் வியப்படைய வேண்டாம்.

செல்போனில் படம் எடுத்தால் பெயர் சொல்கிற செயலிகளை நம்பலாமா?

ஒரு துப்பாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக அல்ல. கூகுள் லென்ஸ், பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் மூன்றையும் நான் பயன்படுத்துகிறேன். பூ இருந்தால் நன்றாகவே சொல்கின்றன. வெறும் இலையைக் காட்டினால் தடுமாறுகின்றன, அதிலும் சின்னக் கன்றுகளில். ஐநேச்சுரலிஸ்டில் ஒரு நன்மை உண்டு: செயலி சொல்வதோடு முடியாமல், செடி தெரிந்த மனிதர்களும் வந்து பார்த்துத் திருத்துவார்கள்.

படம் எடுக்கும்போது ஒன்றோடு நிறுத்தாதீர்கள். முழுச்செடி, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், இலை தண்டில் சேருமிடம், பட்டை, பூவை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலும், காய் இருந்தால் அதையும். பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்தால் அளவு தெரியும்.

ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள். செயலி "இது கீரை" என்று சொன்னதை வைத்து எதையும் வாயில் வைக்கக் கூடாது. அந்தக் கீரையைப் பறித்துச் சமைத்துச் சாப்பிட்ட இரண்டு பேராவது செடியை நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எதிலும் பிடிபடாத செடியைப் பூவோடு ஒரு கிளையாக ஒடித்து, செய்தித்தாள் மடிப்பில் வைத்து மேலே கனம் ஏற்றி உலர்த்தி வையுங்கள். பக்கத்தில் தாவரவியல் துறை இருக்கும் கல்லூரிக்கு எடுத்துப் போகலாம். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் தாவரத் தொகுப்பகமும் கோவையில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல அலுவலகமும் இந்த மாதிரி உலர்த்திய மாதிரிகளைத்தான் ஏராளமாகச் சேர்த்து வைத்திருக்கின்றன.

பூவும் காயும் இல்லாதபோது எதைப் பார்ப்பது?

இலை எதிரெதிராக வருகிறதா, மாறி மாறி வருகிறதா என்று பாருங்கள். ஒரு காம்பில் ஒரு இலையா, பல சிற்றிலைகளா என்று பாருங்கள். இலையைக் கசக்கி மோந்து பாருங்கள், ஆனால் சுவைக்காதீர்கள். கிள்ளினால் பால் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

இதை வைத்தே பல சந்தேகங்கள் தீரும். வேம்பில் ஒரே ஈர்க்கின் இரண்டு பக்கமும் சிற்றிலைகள் வரிசையாக நிற்கும். மலைவேம்பில் அந்த ஈர்க்கு மறுபடி கிளைவிட்டு அதில் இலைகள் வரும். பவழமல்லிக்கு இலை உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, இளந்தண்டு நாலு பட்டையாக இருக்கும். குண்டுமல்லிக்குத் தனி இலை, பளபளப்பு. ஜாதிமல்லி, அதாவது பிச்சி, ஒரு காம்பில் ஐந்து முதல் ஒன்பது வரை சிற்றிலை வைக்கும், மொட்டின் வெளிப்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும். முல்லையில் இலையின் அடியில் காது போல இரண்டு குட்டி இலைகள் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த துப்பு ஒரு புழு. பறவை எச்சம் போலவே இருக்கும், கொஞ்ச நாளில் பச்சையாக மாறும். எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை நான்கும் ஒரே குடும்பம் என்பதால் நான்கிலும் இந்தப் புழுவைப் பார்க்கலாம். முள்ளோடு நிற்கும் ஒரு பெயர் தெரியாத கன்றில் அதைப் பார்த்தால் எலுமிச்சைக் குடும்பம் என்று ஓரளவு ஊகிக்கலாம். அழகான வண்ணத்துப்பூச்சியாகப் போகிற புழு அது. கன்று மிகச் சின்னதாக இருந்தால் கையால் எடுத்துப் பெரிய மரத்தில் விட்டுவிடுங்கள்.

ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்களே?

தவறாகச் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம், ஊருக்கு ஊர் பெயர் மாறும். எங்கள் பக்கம் கற்பூரவள்ளி வேண்டும் என்று கேட்டால் வாழைக்கன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள், ஏனென்றால் அந்தப் பெயரில் ஒரு வாழை ரகமும் உண்டு. அதனால் சளிக்குப் போடுகிற செடியை ஓமவல்லி என்று கேட்க வேண்டியிருக்கிறது. கருணை என்று சில ஊர்களில் சேனையைச் சொல்வார்கள், சில ஊர்களில் பிடிகருணையை. மணத்தக்காளியை மிளகுதக்காளி என்பார்கள். எல்லாப் பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கு என்று எடுப்பதாக இருந்தால் மட்டும் பெயரை நம்பாமல் சித்த மருத்துவரிடம் செடியையே காட்டுங்கள்.

குழந்தைகள் இருக்கிறார்கள். உடனே பார்க்க வேண்டிய விஷச்செடிகள் எவை?

ஒரு வருஷம் காத்திருங்கள் என்று சொன்னதற்கு இது மட்டும் விலக்கு. முதல் வாரமே பார்த்துவிடுங்கள்.

முதலில் மஞ்சள் அரளி. குறுகலான நீண்ட இலை, புனல் போன்ற மஞ்சள் பூ, பச்சையாகப் பட்டை வைத்த காய். ஊரில் அரளி விதை என்று சொல்வது பெரும்பாலும் இதன் கொட்டையைத்தான். இதயத் துடிப்பைக் குலைத்து உயிரையே எடுத்துவிடும். குழந்தைகள் விளையாடும் வீட்டில் இதை வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான் என் கருத்து. சிவப்பு, வெள்ளை அரளிகளிலும் எல்லாப் பாகமும் விஷம். பூஜைக்கு வேண்டும் என்றால் எட்டாத இடத்தில் இருக்கட்டும். பறித்த பின் கையைக் கழுவுங்கள், காய்ந்த குச்சியை அடுப்பில் போடாதீர்கள், மாட்டுக்குத் தழையோடு சேர்ந்து போய்விடாமல் பாருங்கள்.

ஊமத்தை, அதன் முள்ளுக்காயை வைத்தே தெரியும். ஆமணக்கின் புள்ளி போட்ட கொட்டையும் குன்றிமணியும் அழகாக இருப்பதால்தான் ஆபத்து. குழந்தைகள் பொறுக்கி வைத்துக்கொள்வார்கள், சில சமயம் வாயில் போட்டுக் கடித்துவிடுவார்கள். எருக்கம்பாலும் திருகுகள்ளிப் பாலும் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. தொட்டியில் அழகுக்கு வளர்க்கும், வெள்ளைத் திட்டுப் போட்ட பெரிய இலை டைஃபன்பேக்கியாவைக் கடித்தால் வாயும் நாக்கும் வீங்கிவிடும்.

அப்புறம் செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநிலப் பூ, இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு வேலியில் ஏறும். பூத்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் கிழங்கு கடும் விஷம். கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும் ஒரு பெயர். மண்ணைக் கொத்தும்போது கிடைக்கிற கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்து வேகவைத்து விபரீதமானது உண்டு. பெயர் உறுதியாகாத கிழங்கு எதையும் சமையலறைக்குள் கொண்டு வராதீர்கள். செடியை வேலியோரம் விட்டுவைக்கலாம், நாங்கள் விட்டுவைத்திருக்கிறோம்.

யாராவது தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே 108க்கு அழையுங்கள், அந்தச் செடியின் ஒரு கிளையையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். பால் கண்ணில் பட்டால் ஓடுகிற சுத்தமான தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போங்கள்.

களை எது, கீரை எது?

பிடுங்கிப் போட்ட குவியலைப் பெரியம்மா ஒரு நாள் கிளறிப் பார்த்தார். கீழாநெல்லி, மூக்கிரட்டை, கரிசலாங்கண்ணி, மணத்தக்காளி என்று மடியில் அள்ளிக்கொண்டு போனார். அதிலிருந்து நான் பிடுங்குவதற்கு முன் ஒரு முறை அவரைக் கேட்டுவிடுகிறேன். கீழாநெல்லியை இலைக்காம்பைத் திருப்பிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்: அடியில் வரிசையாகக் குட்டிக் காய்கள் தொங்கும். பிரண்டையை நாலு பட்டைத் தண்டை வைத்தும் முடக்கத்தானைக் காற்றடைத்த மூன்று பட்டைக் காயை வைத்தும் சொல்லிவிடலாம்.

தயங்காமல் எடுக்க வேண்டியது பார்த்தீனியம். கேரட் இலை போல இருக்கும், சின்ன வெள்ளைப் பூ. தோலில் அரிப்பும் சிலருக்கு மூச்சுத்திணறலும் வரும். பூக்கும் முன்னால், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு எடுங்கள். உன்னிச்செடியும் சீமைக்கருவேலமும் கன்றாக இருக்கும்போதே போகட்டும்.

கோரைக்குப் பொறுமை வேண்டும். மண்ணுக்குள் கிழங்கு சங்கிலி போல ஓடுகிறது, மேலே அறுத்தால் மறுபடி வரும். கொத்திக் கிழங்கைப் பொறுக்க வேண்டும், தொடர்ந்து. களைக்கொல்லி அடிக்கச் சொல்வார்கள். என்னென்ன தூங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரியாத மண்ணில் அதை அடிக்க வேண்டாம் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

காடு மாதிரி வளர்ந்து கிடக்கிறது. எதை எப்போது வெட்டலாம்?

பூக்கிற, காய்க்கிற பருவம் முடிந்ததும் என்று பொதுவாகச் சொல்லலாம். மல்லிகை வகைகளுக்கு நாள் கணக்கே உண்டு. குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரம் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு வெட்டுவார்கள். பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. பல வருஷமாகத் தொடாத கொடியை ஒரே முறையில் அவ்வளவு வெட்ட மனசு வராது, ஆனால் வெட்டினால்தான் புதுத் தளிரும் அதில் பூவும் வரும்.

மாமரத்தில் காய் பறித்து முடித்ததும் காய்ந்த கிளைகளையும் உள்பக்கம் ஒன்றின் மேல் ஒன்று உரசும் கிளைகளையும் எடுத்தால் போதும். மார்கழி, தையில் பூ வரும் மரம், அதற்கு முன்னால் இரண்டு மாதம் தண்ணீரையும் நிறுத்திவிட வேண்டும். நல்லெண்ணத்தில் தினமும் ஊற்றினால் இலைதான் துளிர்க்கும். கறிவேப்பிலையில் நுனியை ஒடித்து ஒடித்து எடுங்கள், பக்கக்கிளை வரும். அதிகமாக வெட்டக் கூடாதது தென்னையில்தான்: காய்ந்து தொங்கும் மட்டையை மட்டும் எடுங்கள், பச்சை மட்டை மரத்தின் சோறு.

தண்ணீரும் உரமும்?

வளர்ந்த மரங்கள் இத்தனை வருஷம் உங்களை எதிர்பார்க்காமல்தான் இருந்தன. முதல் வருஷம் உரம் தேவையில்லை, உதிர்ந்த இலையை எரிக்காமல் அடியிலேயே போட்டு வையுங்கள். தென்னைக்கு மட்டும் 1.8 மீட்டர் ஆரத்தில், அதாவது அடிமரத்திலிருந்து அவ்வளவு தூரத்துக்கு, வட்டப்பாத்தி எடுத்து வருஷத்துக்கு 50 கிலோ தொழு உரம் வையுங்கள். சந்தேகம் என்றால் கிசான் அழைப்பு மையத்தின் 1800 180 1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

வாழைக்கட்டை ஒன்றில் பத்துப் பன்னிரண்டு கன்று இருக்கிறது. எல்லாவற்றையும் விடலாமா?

ஒரு மரம் ஒரு தாறுதான் தரும். தாறு வெட்டியதும் மரத்தையும் வெட்டிவிட்டு ஒரு கன்றை மட்டும் விடுங்கள். எதை விடுவது என்பதுதான் விஷயம். ஈட்டி போலக் குறுகிய இலையோடு அடி பருத்து வருவது ஈட்டிக்கன்று, அதை விடுங்கள். சின்னதாக இருக்கும்போதே அகன்ற இலை வைப்பது நீர்க்கன்று, பார்க்கச் செழிப்பாக இருந்தாலும் நல்ல தாறு தராது.

சப்போட்டா மரம் ஒன்றில் இரண்டு விதமான இலை இருக்கிறது. நோயா?

நோய் இல்லை. ஒட்டுச் சப்போட்டாவைப் பெரும்பாலும் உலக்கைப்பாலைக் கன்றில்தான் ஒட்டுகிறார்கள். யாரும் பார்க்காமல் விட்டால் ஒட்டுக்குக் கீழேயிருந்து பாலை துளிர்த்துச் சப்போட்டாவை அமுக்கிவிடும். அடிமரத்தில் தடித்த மூட்டு தெரியும். அதற்குக் கீழே வருவதையெல்லாம் ஒட்ட நறுக்கிவிடுங்கள். ஒட்டு மாமரத்திலும் இதையே பார்க்க வேண்டும். மூட்டுக்கு மேல் எதுவும் இல்லாமல் பட்டுப்போயிருந்தால், இப்போது நிற்பது வேறு மரம்.

செம்பருத்தி முழுக்க வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கிறது. பிடுங்கிவிடலாமா?

வேண்டாம், அது மாவுப்பூச்சி. அதிகம் தாக்கிய நுனிகளை வெட்டி எரித்துவிட்டு, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். பிறகு மாலையில் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து வாரம் ஒரு முறை தெளியுங்கள். எறும்பு ஏறினால் அதையும் தடுக்க வேண்டும், மாவுப்பூச்சியைச் செடிக்குச் செடி கொண்டுபோய் விடுவதில் எறும்புக்கும் பங்கு உண்டு.

பப்பாளி, செம்பருத்தி, மல்பெரி என்று எல்லாவற்றையும் தாக்கும் பப்பாளி மாவுப்பூச்சி மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது. இந்தியாவில் 2008இல் கோவையில்தான் முதலில் தென்பட்டது. எந்த மருந்துக்கும் அடங்காமல் பரவியது. 2010இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் கட்டுக்குள் வந்தது. கடும் பூச்சிமருந்து அடித்தால் அந்தக் குளவியும் சாகும் என்பதற்காகத்தான் வேப்பெண்ணெயோடு நிறுத்தச் சொல்கிறேன்.

முருங்கையில் கம்பளிப்பூச்சி. மரத்தையே வெட்டச் சொல்கிறார்கள்.

மழைக்காலத்தில் அடிமரத்தில் கூட்டமாக அப்பியிருக்கும். அப்படி ஒரே இடத்தில் இருப்பது நமக்கு வசதி. லிட்டருக்கு 25 கிராம் மீன் எண்ணெய் சோப்பைக் கரைத்து அந்தக் கூட்டத்தின் மேல் அடித்தால் தீர்ந்துவிடும். மரத்தை வெட்ட வேண்டாம்.

சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. அதையும் ஒரு வருஷம் பார்க்க வேண்டுமா?

அதைப் பார்த்த அன்றே எடுங்கள். வேர் பூச்சுக்குள் போய்விட்டால் சுவரையே பிளக்கும். மழையில் சுவர் நனைந்து இளகியிருக்கும்போது வேரோடு வரும். வெட்டி எறிய மனசு வராதவர்கள் தொட்டியில் வைத்து, ஏரிக்கரையிலோ கோயில் திடலிலோ கேட்டு நட்டுவிடலாம்.

என் சொந்த நிலத்தில் இருந்தாலும் வெட்டக் கூடாத மரம் உண்டா?

உண்டு. பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. பட்டா நிலத்தில் சந்தன மரம் இருந்தால் வனத்துறைக்குத் தெரிவித்து அவர்கள் வழியாகத்தான் எதையும் செய்ய வேண்டும். சந்தனத்தை வைத்துக்கொள்வதாக இருந்தால் சுற்றியிருக்கும் செடிகளைச் சுத்தம் செய்துவிடாதீர்கள். அது தன் வேரைப் பக்கத்துச் செடிகளின் வேரில் செருகி உணவு எடுக்கிற மரம்.

புதர் எடுக்கும்போது பாம்பு பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. பகலில் மட்டும், கணுக்கால் மூடிய காலணியோடு, முதலில் நீளக் கம்பால் தட்டிவிட்டு வேலை செய்யுங்கள். ஓட்டுக்குவியல், விறகு, தென்னைமட்டைக் குவியல் இவற்றுக்குள் கையை விடாதீர்கள். ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்து நாளுக்குக் கொஞ்சமாகப் போனால் பாம்புக்கும் விலகிப்போக வழி கிடைக்கும். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம், அசையாமல் படுக்க வைத்து 108ஐ அழைத்து விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

முன்னால் இருந்தவர்கள் ஒரு செடியைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

தயவுசெய்து கொடுங்கள், ஆனால் தாய்ச்செடியைப் பெயர்க்காமல். எங்களுக்கு வீட்டை விற்றவரின் அம்மா கேட்டது கிணற்றடிப் பிச்சியை. அவர் கல்யாணமாகி வந்தபோது நட்டது. தரையை ஒட்டி ஓடும் ஒரு முற்றிய கொடியை வளைத்து, கணுவுக்குக் கீழே லேசாகக் கீறி, அந்தக் கணுவை மண்ணில் புதைத்து மேலே ஒரு செங்கல்லை வையுங்கள். நுனி வெளியே தெரிய வேண்டும், மண் காயக் கூடாது. மூன்று நான்கு மாதத்தில் வேர் பிடித்துவிடும். தாய்க்கொடியிலிருந்து வெட்டி, இரண்டு வாரம் தொட்டியில் நிழலில் வைத்து, தளிர் வந்ததும் கொடுக்கலாம். நாங்கள் இரண்டு பதியம் போட்டோம். ஒன்று அவருடைய மகள் வீட்டு மாடியில் இருக்கிறது, போன ஆவணியில் பூத்ததாகச் சொன்னார்.